தவறிய அடி யாருடையது?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைந்து ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அந்த வகைக்குத் தாய். அதில் வாள்வீச்சு பட்டதா இல்லையா என்பதை 20 முகம் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. உருட்டிய எண் எதிராளியின் காப்பு எண்ணை எட்டாவிட்டால் அடி தவறியது என்று பொருள். ஏன் தவறியது என்று விதி சொல்வதில்லை. அந்தக் காப்பு எண்ணுக்குள் கவசத்தின் கனமும் உடலின் சுறுசுறுப்பும் ஒன்றாகக் கரைந்து கிடப்பதால் விதியால் சொல்லவும் முடியாது. கதையை நடத்துபவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். அடித்தவன் கால் வழுக்கியதா, எதிராளி விலகினானா, கேடயம் தாங்கியதா, தெய்வம் காத்ததா? பகடை உருண்டு ஓய்ந்த அரை நொடியில் அவர் எடுக்கும் முடிவு, சமயங்களும் தரிசனங்களும் நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஒரு கேள்விக்கான விடை. நடக்காமல் போன தீங்கு யாருடைய செயல்? அடித்தவருடைய தோல்வியா, தப்பியவருடைய வெற்றியா, ஊழின் விளையாட்டா? வேறுவிதமாகச் சொல்வதற்குச் சான்று இல்லாதவரை, தவறிய அடியைத் தப்பியவரின் செயலாகச் சொல்வதே உண்மைக்கும் அறத்துக்கும் நெருக்கமானது என்பது என் வாதம். அந்த வாதத்துக்கு வேண்டிய சான்றுகள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கடலோரத்திலேயே நிறையக் கிடைக்கின்றன.

வடசென்னையின் குத்துச்சண்டையிலிருந்து தொடங்கலாம். துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் வாழும் தெருக்களில், வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த இந்தச் சண்டை, சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் எனப் பரம்பரைகளாக வேர்விட்டது. இரத்த உறவு இல்லாமல் வாத்தியார் வழியாகக் கைமாறும் பரம்பரை இது. பா.ரஞ்சித் இயக்கி 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' அந்த உலகத்தை ஊரறியச் செய்தது. அந்தப் படத்தில் மக்கள் மனதில் மிக ஆழமாகப் பதிந்தவர்களில் ஒருவன் டான்சிங் ரோஸ். கதாநாயகனும் இல்லை, முதன்மை எதிரியும் இல்லை. ஒரே ஒரு சண்டைக்கு வந்து தோற்றுப்போகிறவன். அவனை யாரும் மறக்காததற்குக் காரணம் அவன் கொடுத்த குத்துகளைவிட வாங்காத குத்துகள்தான். கதாநாயகன் கபிலன் வீசும் குத்து ஒவ்வொன்றும் காற்றில் போகும்போது, கபிலனுக்குக் குத்தத் தெரியவில்லை என்று பார்வையாளர் நினைப்பதில்லை. ரோஸ் அங்கே இல்லாமல் போகிறான் என்றுதான் பார்க்கிறார். படாத அடிக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் அரங்கில் ஒருவருக்கும் ஐயமில்லை. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்த அலியை உலகம் கொண்டாடியதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் ஃபோர்மனை வீசவிட்டு வீசவிட்டு, எட்டாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார். முன்னால் நடந்த ஏழு ரவுண்டுகளை ஃபோர்மனின் பிழைகளாகச் சொல்கிறவர் அந்தச் சண்டையைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நிறுவனங்கள் இதை எப்படிக் கணக்கிட்டன என்பது இன்னும் கூர்மையான சான்று. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்கர் ராய் ஜோன்ஸ், தென்கொரியாவின் பார்க் சி-ஹுனைவிட இருமடங்குக்கும் மேல் குத்துகளை இறக்கியும் 3–2 என்று தோற்றவராக அறிவிக்கப்பட்டார். அந்த அநீதிக்கு மருந்தாக 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கணினி வழிப் புள்ளி முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஏறக்குறைய ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி. நேர்மைக்காகக் கொண்டுவந்த அந்தப் பெட்டியில் பட்ட அடிக்குப் பொத்தான் இருந்தது, விலகியதற்கு இல்லை. தலையைச் சாய்த்து ஆறு குத்துகளைக் காற்றில் அனுப்பியவரும், ஆறு குத்துகள் வீசப்படாமலே நின்றிருந்தவரும் அதன் கண்ணில் ஒன்று. இருபதாண்டு கழித்து, 2013இல், அந்த முறை கைவிடப்பட்டு நடுவர்கள் ரவுண்டு முழுவதையும் எடைபோட்டு மதிப்பிடும் பத்துப் புள்ளி முறை வந்தது. தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ தற்காப்பு என்பது மதிப்பீட்டின் அளவுகோல்களில் ஒன்றாக முன்பே இருந்துவந்தது. எண்ணத்தக்கதை மட்டும் எண்ணிய இயந்திரம் சண்டையின் பாதியைத் தவறவிட்டது என்பதே இதில் நான் காண்பது.

நடக்காத ஒன்றை எப்படிச் செயல் என்பது என்று தத்துவம் பயின்றவர் கேட்பார். அடி படவில்லை என்பது ஓர் இன்மை. இன்மைக்கு யாரும் கர்த்தா ஆக முடியாது. இந்தக் கேள்வியை இந்தியத் தருக்க மரபு எடுத்துப் பல நூற்றாண்டுகள் வாதிட்டிருக்கிறது. வைசேடிகர் முதலில் ஆறு பதார்த்தங்களை எண்ணி, பின்னர் ஏழாவதாக அபாவத்தையும், அதாவது இன்மையையும், சேர்த்தனர். மீமாம்சையில் பாட்டர் இன்மையை அறிவதற்கென்றே தனிப் பிரமாணம் ஒன்றை ஒப்புக்கொள்ள, பிரபாகரர் அப்படி ஒரு பொருளே கிடையாது என்று மறுத்தனர். இந்தத் தகராறில் எனக்குப் பயன்படுவது நியாய மரபின் ஒரு நுட்பம். எந்த இன்மையும் ஏதோ ஒன்றின் இன்மைதான். எது இல்லை என்று சுட்டாமல் இன்மையைப் பேச முடியாது. ஆளில்லாத ரிங்கில் தனியே பயிற்சி செய்யும் வீரனின் குத்துகள் எதன்மீதும் படுவதில்லை. ஆனாலும் அவற்றை யாரும் தவறிய குத்துகள் என்பதில்லை. தவறுவதற்குக் குறி ஒன்று வேண்டும், அந்தக் குறியில் ஓர் உயிர் இருக்க வேண்டும், குத்து வந்த கணத்தில் அந்த உயிர் ஏதோ செய்திருக்க வேண்டும். ஆகவே தவறிய அடி வெறும் வெற்றிடமாகாது. இருவர் சந்தித்த இடத்தில் ஒருவரின் முயற்சி இன்னொருவரின் முயற்சியால் நிறைவேறாமல் போன நிகழ்ச்சி அது. வெற்றிடத்துக்குக் கர்த்தா வேண்டாம். நிகழ்ச்சிக்கு வேண்டும்.

ஊழ் என்ற விடை இதைவிட வலுவானது. நம் ஊரில் அதுவே முதலில் நாவுக்கு வருவது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நிற்கும் காட்சி எல்லாருக்கும் தெரிந்தது. கர்ணன் ஏவிய நாகாஸ்திரம் அர்ச்சுனனின் கழுத்தை நோக்கி வருகிறது, கண்ணன் தேரை அழுத்துகிறான், அம்பு முடியைக் கொண்டுபோகிறது. தெருக்கூத்தில் விடிய விடிய நடக்கும் 'கர்ண மோட்ச'மும், 1964இல் வந்த 'கர்ணன்' படமும் இதை நம் நினைவில் ஆணி அடித்து வைத்திருக்கின்றன. விதி வென்றது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் கதையைப் பாதிதான் கேட்கிறார்கள். அந்த ஓர் அம்பு தவறியதற்கு இந்த மரபு எத்தனை கைகளைக் காரணமாகக் காட்டுகிறது பாருங்கள். குறியை மாற்று என்கிறான் கர்ணனின் தேரோட்டி சல்லியன்; வைத்த குறியை மாற்றுவது வீரனுக்கு அழகில்லை என்று கர்ணன் மறுக்கிறான். தாய்க்குக் கொடுத்த வாக்கால் அதே கணையை மறுமுறை தொடுக்க முடியாமல் இருக்கிறான். காண்டவ வனத்தில் தாயை இழந்து அந்தக் கணையில் புகுந்திருந்த பாம்பு, பழிதீர்க்க மறுபடி ஏவும்படி கெஞ்சியும் அவன் இசைவதில்லை. இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒருவன் காலால் தேரை மிதிக்கிறான்.

அந்த மிதியில்தான் என் கவனம் நிற்கிறது. பரம்பொருள் என்று போற்றப்படுகிறவன் அந்த அம்பை நடுவழியில் சாம்பலாக்கியிருக்கலாம், திசை திருப்பியிருக்கலாம், கர்ணன் கையை முடக்கியிருக்கலாம். கதை அவனை அப்படி எதையும் செய்யவிடவில்லை. தேரைத் தாழ்த்துகிறான். தலைக்கு வரும் அடிக்கு முன் உடலைச் சற்றே கீழிறக்குவது எந்தக் குத்துச்சண்டை வாத்தியாரும் முதல் மாதத்தில் சொல்லித்தரும் அசைவு. அருள்கூட ஒரு தற்காப்பு அசைவாகத்தான் வர வேண்டும் என்று நினைத்த கதைசொல்லிகள், தவறிய அடியை யாரோ ஒருவர் உடல் நோகச் செய்த செயலாகவே கண்டிருக்கிறார்கள். அர்ச்சுனன் சும்மாதானே நின்றான் என்று கேட்கலாம். உண்மைதான், அதனால்தான் பெருமையைத் தேரோட்டி பெறுகிறான். தப்பியவர் என்று நான் சொல்வதில் அவருக்காகத் தேர் ஓட்டியவரும் அடக்கம்.

திருவொற்றியூரில் இதே பார்வை இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. தியாகராசர் கோயிலில் விளக்கெரித்த கலிய நாயனாரைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் பாடினார். எண்ணெய் வணிகர் குலத்தவர் அவர். செல்வம் போய், விற்க எதுவும் மிஞ்சாத நிலையில், எண்ணெய்க்குப் பதில் தம் குருதியால் அகலை நிரப்பத் துணிந்து கழுத்தில் கருவியை வைத்தார். சிவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இங்கும் கத்தி மழுங்கவில்லை, வேளை தவறவில்லை. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்தது. இதே பெரிய புராணத்தில் ஏனாதிநாதரின் கதை மறுபக்கத்தைக் காட்டுகிறது. அவர் வாள் பயிற்றும் ஆசிரியர்; அந்தத் தொழில் உரிமைக்காகவே அதிசூரன் அவரோடு மோதினான். ஒரு வகையில் அதுவும் பரம்பரைச் சண்டைதான். நெற்றியில் திருநீறு பூசி, கேடயத்தால் மறைத்து வந்து, நெருங்கிய பின் அதைக் காட்டினான். ஏனாதிநாதர் வெட்டுவதை நிறுத்தினார். ஆயுதமில்லாதவரைக் கொன்ற பழி அவனுக்கு வரக்கூடாது என்று வாளைக் கீழே போடாமல், போரிடுபவர்போல் நின்று வெட்டுண்டார். விழாத அவருடைய வெட்டு முழுக்க முழுக்க அவருடையதே. வேறுவிதமாகச் சொல்வதற்குச் சான்று இல்லாதவரை என்று தொடக்கத்தில் நான் இட்ட நிபந்தனை இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். வேண்டுமென்றே தவறவிட்டவருக்கு அந்தப் புகழைக் கொடுத்தே ஆக வேண்டும். உண்மையிலேயே கால் வழுக்கியவரைப் பற்றி வழுக்கினார் என்றே சொல்ல வேண்டும்.

விலகுவதைப் புகழ்வது கோழைத்தனத்தைப் புகழ்வதாகாதா என்ற மறுப்பு தமிழ் வீர மரபின் உள்ளிருந்தே எழும். மார்பில் ஏற்ற புண்ணைப் பெருமையாகவும் முதுகில் பட்டதை இழிவாகவும் கண்ட மரபு இது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம், வேல் பாய்ந்து வரும்போது கண் இமைப்பதைக்கூடத் தோல்வியாகக் கருதும் அளவுக்குக் கடுமையானது. ஆனால் அதே அதிகாரத்தில்தான், காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைக் குறிவைத்துத் தவறிய வேலைக் கையில் வைத்திருப்பதே இனிது என்ற கருத்தும் இருக்கிறது. தவறிய வேலுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? வீசியவனின் கை வலிமையிலிருந்து மட்டும் வரவில்லை. எதிரே நின்றது யானை என்பதிலிருந்து வந்தது. எதிரியின் பெருமையை ஒப்புக்கொண்டால்தான் என் தவறிய முயற்சிக்கும் மதிப்பு. மேசை விளையாட்டை நடத்துகிறவர்கள் பலர் அஞ்சுவது, எதிராளி விலகினான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் நாயகன் சிறுத்துப்போவான் என்று. குறளின் கணக்கு நேர் எதிரானது. நாயகன் தடுமாறி விழுந்தான் என்று சொல்லும்போதுதான் அவன் சிறுக்கிறான்; யானை விலகிற்று என்றால் வேல் வீசியவனும் உயர்கிறான். இமைக்காத கண்ணைப் பொறுத்தவரை, குத்துச்சண்டையில் விலகுகிறவர் முகத்தைத் திருப்புவதே இல்லை. வரும் கையைக் கடைசிக் கணம்வரை பார்த்திருந்தால்தான் விலகவே முடியும். இழிவு முதுகு காட்டுவதில் இருக்கிறது. அதற்கும் திருவொற்றியூரே சான்று தருகிறது. தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சன்னதியில் ஆணையிட வேண்டி வந்தபோது, இறைவனை அந்நேரம் மகிழமரத்தடிக்குப் போகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார், சிவனின் தோழரான சுந்தரர். இறைவனோ மகிழின் கீழேயே ஆணை கேட்கும்படி சங்கிலியாருக்குச் சொல்லிவைத்தார். ஆணையை மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் சுந்தரர் பார்வை இழந்தார். தன்மேல் வரும் அடியிலிருந்து விலகுவது வேறு, தான் கொடுத்த சொல்லிலிருந்து விலகுவது வேறு. தோழனே ஆனாலும் இரண்டாவதைத் தெய்வம் காக்கவில்லை.

பெருமை தப்பியவருக்கு என்றால் அடித்தவரின் பொறுப்பு கரைந்துபோகுமா? கரையாது, கூடும். தற்செயலாகப் படவில்லை என்று சொல்லும்போதுதான் அடித்தவர் நழுவுகிறார். பௌத்தம் எண்ணத்தையே வினை என்றது. சமணர்கள் எண்ணத்தோடு விளைவையும் கவனக்குறைவையும் சேர்த்துக் கணக்கில் வைத்து பௌத்தர்களோடு வாதிட்டனர். இன்றைய சட்டம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 307ஆம் பிரிவாகவும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 109ஆம் பிரிவாகவும் உள்ள கொலை முயற்சிக் குற்றத்துக்குப் பத்தாண்டுவரை சிறை; அந்த முயற்சியில் காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனைவரை போகலாம். படாத அடியையும் சட்டம் குற்றமாக எண்ணுகிறது, பட்டதற்கும் படாததற்கும் வேறுபாடும் காட்டுகிறது. அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் உண்டாக்கியவர் விலகியவர்தான். குற்றவாளியின் தண்டனை குறைவதுகூட அவர் உழைப்பால். ஊழை மிஞ்சிய வலிமை எது என்று ஓர் அதிகாரத்தின் முடிவில் கேட்ட வள்ளுவர், ஆள்வினையுடைமையின் முடிவில், தளராது உழைப்பவர் ஊழையும் புறங்காண்பர் என்ற முடிவுக்கு வருகிறார். முரண் என்று இதைத் தள்ள வேண்டியதில்லை. நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்ள ஊழ் துணை. யார் என்ன செய்தார் என்று சொல்லவேண்டிய இடத்தில் ஊழை இழுத்துவந்தால் உழைத்தவர் பெயர் அழிந்துபோகும்.

அப்படி அழிவதை எண்ணூர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சில நாட்களில், 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய சுமார் 700 டன் அதே பொருள் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடப்பது பேச்சானது. மக்கள் அஞ்சினர், கேள்விகள் எழுந்தன, ஏலம் விடப்பட்டிருந்த சரக்கு அவசரமாக ஐதராபாத்துக்கு லாரிகளில் கிளம்பியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, இருட்டில் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அன்றிரவு யாரும் சாகவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொதுப்பேச்சு வைத்த பெயர் தெய்வாதீனம், நல்லவேளை. தெய்வத்தை நம்புகிறவர்கள் அப்படி நன்றி சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கையைப் பிடித்த சிவனுக்குத் திருவொற்றியூர் இன்றும் நன்றி சொல்கிறது. ஆனால் அந்தச் சொல் அறிக்கைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. வாயு வந்த திசையை மூக்கால் அறிந்து நடையைக் கட்டியவர்கள், வயதானவர்களையும் குழந்தைகளையும் சுமந்து சென்றவர்கள், மணலிச் சரக்கைப் பற்றி விடாமல் கேட்டவர்கள் எல்லாரும் அதிர்ஷ்டசாலிகள் ஆகிவிடுகிறார்கள். அவர்களை நோக்கி வந்தது ஓர் அடி என்பதும், அதை அனுப்பிய இடம் ஒன்று உண்டு என்பதும் அதோடு மறைந்துபோகின்றன.

பகடையை உருட்டிவிட்டுக் கதை சொல்கிறவருக்கு ஒரு வாக்கியம்தான் செலவு: அவன் குனிந்துவிட்டான், வாள் மேலே போயிற்று. விபத்து அறிக்கை எழுதும் அதிகாரிக்கும், செய்தி எழுதும் நிருபருக்கும், ஊர்க்கூட்டத்தில் பேசுபவருக்கும் அதைவிட அதிகம் ஆகாது. அடுத்த முறை வடசென்னையில் ஒரு குழாய் கசிந்து, ஒரு கொதிகலன் வெடிக்காமல் நின்று, உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதும்போது, அதிர்ஷ்டவசமாக என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் யார் எந்த நேரத்தில் என்ன செய்து மக்களைக் காப்பாற்றினார் என்று எழுதுங்கள். கசிந்தது யாருடைய குழாய் என்பதையும் அதே வாக்கியத்தில் சேருங்கள்.